திடீரென நொண்டும் கோழி

முந்தின நாள் மாலை வரை குப்பைமேட்டைக் கிளறிக்கொண்டிருந்த கோழி அது. காலையில் பஞ்சாரத்தைத் தூக்கியதும் மற்றவை எல்லாம் விழுந்தடித்து ஓட, அது மட்டும் இரண்டு அடி வைத்துவிட்டு உட்கார்ந்துகொள்கிறது. ஒரு காலை ஊன்றாமல் தூக்கிப் பிடிக்கிறது. "பா... பா..." என்று இரைக்குக் கூப்பிட்டால் சிறகை விரித்துத் தரையில் ஊன்றிக்கொண்டு தடுமாறி வருகிறது. நம் வீடுகளில் அடுத்து நடப்பது பெரும்பாலும் இரண்டில் ஒன்று. மஞ்சளையும் விளக்கெண்ணெயையும் குழைத்துக் காலில் பூசி விட்டுவிடுவார்கள். இல்லாவிட்டால், சீக்கு மற்றதுக்கும் பரவுவதற்குள் அறுத்துவிடலாம் என்று கத்தியைத் தேடுவார்கள்.

இரண்டுமே அவசர முடிவுகள். விரலில் இறுகிய நூலும் கோழியை நொண்ட வைக்கும். நரம்புக்குள் வளரும் புற்றும் நொண்ட வைக்கும். சுண்ணாம்புச் சத்து தீர்ந்துபோன எலும்பு, வயிற்றில் சிக்கிய முட்டை, நாய் கவ்விய காயம், தட்டில் தினமும் விழும் வெறும் சோறு எல்லாமே வெளியே ஒரே நொண்டலாகத்தான் தெரியும். இவற்றில் சில பத்து நிமிடத்தில் சரியாகிவிடும், சில எந்த மருந்துக்கும் சரியாகாது. ஆகவே மருந்தைத் தேடுவதற்கு முன் கோழியைக் கையில் எடுத்துப் பொறுமையாகப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்ப்பதற்குக் கோழியின் கால் எப்படி அமைந்திருக்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

கோழியின் முழங்கால் பின்பக்கமாக மடங்குகிறது என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பின்பக்கம் மடங்குவதாக நமக்குத் தெரியும் மூட்டு முழங்கால் இல்லை, அது கணுக்கால். உண்மையான முழங்கால் இறகுக்குள் உடலை ஒட்டி மறைந்திருக்கிறது. நம்முடையதைப் போலவே அதுவும் முன்பக்கம்தான் நீட்டிக்கொண்டிருக்கும். தட்டில் வரும் லெக் பீஸை நினைத்துப் பாருங்கள். சதை திரண்ட மேல் முனை முழங்கால், கையில் பிடித்துக்கொள்ளும் மெல்லிய முனை கணுக்கால். அதற்குக் கீழே செதில் மூடியிருக்கும் நீண்ட தண்டு, நம் பாதத்தின் எலும்புகள் ஒன்றாக இணைந்து உருவானது. கோழி நாள் முழுக்க விரல்களில் நின்றுதான் வாழ்கிறது. அந்தச் சின்னப் பரப்பில்தான் ஒன்றரை, இரண்டு கிலோ எடையும் இறங்குகிறது; அதனால்தான் அங்கே ஒரு சிறு புண் வந்தாலும் கோழி உட்கார்ந்துவிடுகிறது.

பார்ப்பதற்கு நல்ல நேரம் மாலை மங்கிய பிறகு. இருட்டில் கோழி அடங்கிவிடும், துரத்திப் பிடித்து இருக்கிற காயத்தைப் பெரிதாக்க வேண்டியதில்லை. ஒரு பழைய துண்டால் சிறகுகளை அணைத்துச் சுற்றி மடியில் வையுங்கள். மார்பை மட்டும் இறுக்கக் கூடாது. பறவைகளுக்கு நம்மைப் போல் உதரவிதானம் கிடையாது. மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைவதால்தான் அவற்றின் மூச்சு நடக்கிறது. பயத்தில் மார்பை அழுத்திப் பிடித்தால் சத்தமே இல்லாமல் மூச்சுத் திணறிவிடும்.

இப்போது வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு கால்களையும் கழுவுங்கள். அழுக்கு போகாமல் எதுவும் தெரியாது. கழுவிய பின் விரல் விரலாகப் பிரித்துப் பாருங்கள். கொல்லையில் மேயும் கோழிக்குத் தலைமுடி, தையல் நூல், பூக்கட்டும் நார், சாக்கு இழை, பட்டம் விட்ட நைலான் நூல் எல்லாம் காலில் சிக்கும். நடக்க நடக்க அது இறுகி, தோலுக்குள் புதைந்து, மேலிருந்து பார்த்தால் ஒரு மெல்லிய பள்ளமாக மட்டும் தெரியும். பள்ளத்துக்கு முன்னால் விரல் வீங்கியிருக்கும். நல்ல காலையும் கெட்ட காலையும் ஒரே நேரத்தில் தொட்டுப் பார்த்தால், நூல் இறுகிய விரல் சில்லென்று இருக்கும். இரத்தம் போகவில்லை என்று அர்த்தம். கருத்துப்போவதற்குள் நூலை வெட்டி எடுத்துவிட்டால் அந்தக் கால் பெரும்பாலும் தேறிவிடும். நகவெட்டியைவிட, முனை மழுங்கிய சிறு கத்தரிக்கோல் இதற்கு நல்லது. நூல் சதைக்குள் ஆழமாகப் போயிருந்தால் மருத்துவரிடம் விட்டுவிடுங்கள்.

அடுத்தது உள்ளங்கால். நடுத் திண்டில் கறுப்பாக, வட்டமாக ஒரு பொருக்கு ஒட்டிக்கொண்டு, சுற்றிலும் சூடாக வீங்கியிருந்தால் அது பாதச் சீழ்க்கட்டி. சிறு கீறல் வழியே ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா உள்ளே போய் உண்டாக்குவது. பறவையின் சீழ் நம்முடையதைப் போல் நீராக ஓடாது. பாலாடைக்கட்டி மாதிரி கெட்டிப்பட்டுவிடும், அதனால் பிதுக்கினால் வராது. பிதுக்கப் பிதுக்கக் கிருமி தசைநாருக்கும் எலும்புக்கும் இறங்கும். தொடக்க நிலையில் தினமும் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, துடைத்து, போவிடோன் அயோடின் போட்டு, துணி சுற்றி, மெத்தென்ற வைக்கோலில் விட்டால் பல கால்கள் ஆறும். பெரிய கட்டியைக் கீறுவது வீட்டு வேலை இல்லை. எதனால் வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். உயரமான பரணிலிருந்து சிமென்ட் தரையில் தினமும் குதிக்கும் கோழிக்கும், விளிம்பு கூரான பலகையில் இரவெல்லாம் உட்காரும் கோழிக்கும் இது திரும்பத் திரும்ப வரும். உட்காரும் கட்டையின் விளிம்பை உருட்டிச் செதுக்கி, உயரத்தைக் குறைத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

செதில்கள் தூக்கிக்கொண்டு, சுண்ணாம்பு பூசியது போல் வெளுத்துத் தடித்திருந்தால் அது செதில் கால் உண்ணி. கண்ணுக்குத் தெரியாத இந்த உண்ணி செதிலுக்கு அடியில் சுரங்கம் போடும். தேங்காய் எண்ணெயோ வேப்பெண்ணெயோ சில வாரம் விடாமல் தடவினால் மூச்சடைத்துச் சாகும். இதற்கு மண்ணெண்ணெய் ஊற்றும் பழக்கம் சில இடங்களில் உண்டு, அது தோலைப் பொசுக்கும், வேண்டாம்.

எலும்பு முறிந்திருந்தால் கால் தொங்கும், தொட்டால் கோழி கத்தும், சில நேரம் நரநரவென்று உராயும். கணுக்காலுக்குக் கீழே உள்ள முறிவுக்குத் துணி சுற்றிய மெல்லிய மூங்கில் பத்தை இரண்டு வைத்துக் கட்டலாம். பறவை எலும்பு வேகமாகக் கூடும். மூன்று வாரத்தில் பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும். கட்டிய பிறகு விரல்கள் வீங்குகின்றனவா, சில்லிடுகின்றனவா என்று காலையும் மாலையும் பார்ப்பது கட்டுவதைவிட முக்கியம். கணுக்காலுக்கு மேலே முறிந்திருந்தாலும், எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்திருந்தாலும் மருத்துவர்தான் பார்க்க வேண்டும்.

காலில் காயமும் இல்லை, வீக்கமும் இல்லை, சூடும் இல்லை, ஆனாலும் கோழி நிற்க மாட்டேன் என்கிறது என்றால் கோளாறு காலுக்கு வெளியே இருக்கிறது. இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. கோழியைத் தூக்கிப் பிடித்து, உங்கள் ஆள்காட்டி விரலை அதன் உள்ளங்காலில் வையுங்கள். நரம்பு நன்றாக இருந்தால் விரல்கள் மடங்கிப் பிடித்துக்கொள்ளும். ஒரு கால் பிடிக்கிறது, மற்றது துவண்டு கிடக்கிறது என்றால் நரம்பைச் சந்தேகிக்க வேண்டும்.

இங்கேதான் மாரெக் நோய் வருகிறது. 1907ஆம் ஆண்டு புடாபெஸ்டில், ஜோசப் மாரெக் என்ற கால்நடை மருத்துவர், காலும் சிறகும் செயலிழந்த நான்கு சேவல்களைப் பற்றி எழுதினார். நரம்புகள் தடித்திருப்பதை அவர் பார்த்தார், காரணம் தெரியவில்லை. அது ஒரு ஹெர்பிஸ் வைரஸ் என்று தெளிய மேலும் 60 ஆண்டுகள் ஆயின. இந்த வைரஸ் காலுக்குப் போகும் பெரிய நரம்பில் வெள்ளணுக்களைக் குவித்து வீங்க வைக்கிறது, பிறகு புற்றுக்கட்டிகளையும் உண்டாக்குகிறது. ஒரு கால் முன்னே நீண்டும் மறு கால் பின்னே நீண்டும் கோழி தரையில் கிடப்பதுதான் இதன் பெயர்போன அடையாளம். பெரும்பாலும் இரண்டு மாதம் முதல் ஐந்து மாதம் வரையுள்ள வளரும் கோழிகளைத்தான் தாக்கும், விடைக்கோழி முட்டைக்கு வரும் வயதில் கையைவிட்டுப் போகும். மனிதருக்குத் தொற்றாது.

வைரஸ் கோழியின் இறகு வேர்களில் முதிர்ந்து, தோல் பொடியோடு தூசியாக உதிர்கிறது. அந்தத் தூசியில் பல மாதம் உயிர்ப்போடு இருக்கும், மூச்சில் போனால் போதும், கோழியும் கோழியும் உரச வேண்டியதே இல்லை. 1970ஐ ஒட்டிப் பயன்பாட்டுக்கு வந்த இதன் தடுப்பூசி, ஒரு புற்றுநோயைத் தடுக்க வந்த முதல் தடுப்பூசி என்ற பெருமைக்குரியது. குஞ்சு பொரித்த முதல் நாளிலேயே போட வேண்டும். பொரிப்பகக் குஞ்சுகளுக்கு அது கிடைத்துவிடுகிறது, நம் கொல்லையில் தாய்க்கோழி அடைகாத்துப் பொரித்த குஞ்சுகளுக்குக் கிடைப்பதில்லை. இன்னொரு சிக்கலும் உண்டு: இந்தத் தடுப்பூசி நோயைத் தடுக்கும், தொற்றைத் தடுக்காது. ஊசி போட்ட கோழி பார்க்க நன்றாக இருந்துகொண்டே வைரஸை உதிர்க்கலாம். வீரியமான வைரஸ் வகைகள் இப்படி நீடித்துப் பரவ முடியும் என்பதை ஆண்ட்ரூ ரீடும் சக ஆய்வாளர்களும் 2015இல் சோதனை மூலம் காட்டினார்கள். ஆகவே சந்தையில் வாங்கிய குஞ்சுகளை வீட்டில் பொரித்த குஞ்சுகளோடு முதல் நாளே கலப்பது நல்லதில்லை. தனிக் கூடு, தனித் தட்டு, கொஞ்ச தூரம் வேண்டும். மாரெக் வந்த கோழிக்கு மருந்து இல்லை.

கழுத்து முறுக்கிக்கொண்டு, பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கூடவே கால் விழுந்தால் அது வெள்ளைக் கழிச்சலாக இருக்கலாம். ராணிக்கேத் என்று மருத்துவர்கள் சொல்வதும் இதைத்தான். இது ஒரு கோழியோடு நிற்காது. செத்துக் கிடந்த எலியிலோ கோழியிலோ நெளிந்த புழுவைத் தின்ற கோழிக்கு முதலில் காலும், பிறகு சிறகும், கடைசியில் கழுத்தும் இமையும் துவண்டால் அது பாட்டுலிசம் என்ற நச்சு. இரண்டிலுமே நேரம் மிகக் குறைவு.

இனி தட்டுக்கு வருகிறேன், ஏனென்றால் நொண்டும் கோழிகளைப் பற்றிய அறிவியலில் மிகப் பெரிய கண்டுபிடிப்பு தட்டிலிருந்துதான் கிடைத்தது. டச்சுக்காரர்கள் ஆண்ட ஜாவாவில், இன்று ஜகார்த்தா என்று சொல்லும் படேவியாவில், பெரிபெரி நோயால் சிப்பாய்களும் கைதிகளும் கால் விழுந்து செத்துக்கொண்டிருந்தார்கள். அதற்குக் கிருமியைத் தேடிக்கொண்டிருந்தார் கிறிஸ்டியான் ஐக்மன் என்ற மருத்துவர். ராணுவ மருத்துவமனையை ஒட்டியிருந்த அவருடைய ஆய்வுக்கூடக் கோழிகள் 1889 ஜூலை 10 முதல் நொண்டத் தொடங்கின. முதலில் நடை தள்ளாடியது, பிறகு கால் மடங்கிச் சாய்ந்தன, செயலிழப்பு மேலே மேலே ஏறியது. கிருமி எதுவும் அகப்படவில்லை. நவம்பர் கடைசியில் நோய் தானாகவே மறைந்தது.

விசாரித்தபோது காரணம் சமையலறையில் இருந்தது. ஜூன் 17 முதல் கோழிகளுக்கு மருத்துவமனையில் மீந்த தீட்டிய அரிசிச் சோறு போடப்பட்டிருக்கிறது. நவம்பர் 27 அன்று அது நின்றது. புதிதாக வந்த சமையல்காரர், ராணுவத்துச் சோற்றை வெளிக் கோழிகளுக்குத் தர முடியாது என்று மறுத்துவிட்டார். சோறு போடத் தொடங்கிய 23ஆம் நாள் நொண்டல் வந்திருக்கிறது. தீட்டாத அரிசியையோ தவிட்டையோ கொடுத்தால் கோழிகள் எழுந்து நடப்பதை ஐக்மன் மறுபடி மறுபடி சோதித்துப் பார்த்தார். சோற்றில் நஞ்சு இருக்கிறது, தவிடு அதை முறிக்கிறது என்று அவர் முதலில் நினைத்தார். அவருக்குப் பின் வந்த கெரிட் கிரெய்ன்ஸ் 1901இல் அதைத் திருத்தி, தவிட்டில் உள்ள ஏதோ ஒரு சத்து இல்லாமல் போவதுதான் நோய் என்றார். அந்தச் சத்து தயமின், அதாவது பி1 வைட்டமின். அதே ஊரில் 1926இல் தவிட்டிலிருந்து அதைப் படிகமாகப் பிரித்தெடுத்தார்கள். ஐக்மனுக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது. வைட்டமின் என்ற கருத்தே கால் தடுமாறிய அந்தக் கோழிகளிடமிருந்துதான் தொடங்கியது என்று சொன்னால் அது மிகையாகாது.

அரிசிச் சோறு உண்ணும் நமக்கு இந்தக் கதை மிக நெருக்கமானது. மேய இடமிருக்கும் கோழி புழுவும் கீரையும் கரையானும் தின்று சமாளித்துக்கொள்ளும். மொட்டை மாடியிலோ சிறு கூண்டிலோ அடைத்து, மீந்த சோறும் வெள்ளைக் குருணையும் மட்டும் போடும் வீடுகளில் ஐக்மனின் கோழிகளை மீண்டும் பார்க்கலாம். தவிடு, கம்பு, கேழ்வரகு, கீரை சேர்த்தாலே பெரிய மாற்றம் தெரியும். இளங்குஞ்சுகளின் விரல்கள் உள்பக்கமாகச் சுருண்டு கணுக்காலில் நடந்தால் அது வேறொரு வைட்டமினின் குறை, பி2. சீக்கிரம் கொடுத்தால் தேறும். நாள் கடந்தால் நரம்பு திரும்பாது.

முட்டையிடும் கோழிக்குக் கால் விழுவதில் சுண்ணாம்புச் சத்தின் பங்கு பெரிது. ஒரு முட்டை ஓட்டில் ஏறத்தாழ 2 கிராம் கால்சியம் இருக்கிறது. ஓடு பெரும்பாலும் இரவில்தான் படிகிறது, அப்போது குடலில் சுண்ணாம்பு இல்லாவிட்டால் கோழி தன் எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். முட்டைப் பருவத்துக்கென்றே அதன் எலும்புக்குள் கரைவதற்குத் தயாரான ஒரு தனி எலும்புத் திசு உருவாகிறது. அதுவும் தீர்ந்தால் தாங்கும் எலும்பு கரையும். ஒரு ஈடு முட்டையிட்டு அடையில் உட்காரும் நாட்டுக்கோழிக்கு இடையில் ஓய்வு கிடைத்துவிடுகிறது. கிராமப்பிரியா போன்ற அதிக முட்டை இனங்களுக்கு அந்த ஓய்வு கிடையாது. தோல்முட்டை இட்டுவிட்டு மறுநாள் எழ முடியாமல் கிடக்கும் கோழிக்கு உடனே சுண்ணாம்புச் சத்து தேவை. தொடர்ந்து தருவதற்குப் பொடித்த கிளிஞ்சலைத் தனிக் கிண்ணத்தில் வைத்தால் போதும், வேண்டியதை அதுவே எடுத்துக்கொள்ளும். குஞ்சுகளுக்கு அந்த அளவு சுண்ணாம்பு ஆகாது, சிறுநீரகம் கெடும். முட்டை வெளிவராமல் சிக்கிக்கொண்டாலும் காலுக்குப் போகும் நரம்பு அழுந்திக் கோழி நொண்டும். வாலைத் தாழ்த்தி, நிமிர்ந்து நின்று முக்கினால் இதைச் சந்தேகிக்கலாம்.

கோழிக்கு அவ்வளவாக வலி தெரியாது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். 2000ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு சோதனை அதற்குப் பதில் சொல்கிறது. கறிக்கோழிகளுக்கு இரண்டு நிறத் தீவனம் வைத்தார்கள். ஒன்றில் கார்ப்ரோஃபென் என்ற வலி நிவாரணி கலந்திருந்தது. நல்ல கோழிகளைவிட நொண்டும் கோழிகள் மருந்து கலந்ததை அதிகம் தின்றன. நொண்டல் கூடக் கூட அதைத் தேடித் தின்றதும் கூடியது. கோழிக்கு வலிக்கிறது, வலி குறையவும் விரும்புகிறது. இரையாகிற இனம் என்பதால் அது வலியை மறைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

அதற்காக நம் வீட்டு மாத்திரையை உடைத்துக் கொடுக்கவே கூடாது. டைக்ளோஃபெனாக் மாட்டுக்குப் போடப்பட்டு, அந்த மாட்டின் பிணத்தைத் தின்ற பாறு கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து கூட்டம் கூட்டமாக அழிந்தன. இந்தியா 2006இல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தது. பறவைக்கு ஏற்ற வலி மருந்துகள் இருக்கின்றன, அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

காரணம் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் அன்றே செய்ய வேண்டியது, கோழியைத் தனியே எடுத்து வைப்பது. கோழிக் கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம் என்று ஒரு வரிசை உண்டு. 1920களில் நார்வேக்காரர் தோர்லைஃப் ஷெல்டெருப்-எப்பெ அதை விரிவாக எழுதினார். விழுந்த கோழி அந்த வரிசையில் கடைசிக்குப் போய்விடும், தட்டுக்கே விடமாட்டார்கள். ஆனால் கண்ணுக்கு மறைவாகப் பிரித்தால், தேறித் திரும்பும்போது அந்நியக் கோழியாக நினைத்து அடிப்பார்கள். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் மற்றவை தெரியும்படி வைப்பதே சரி.

கீழே உமியோ வைக்கோலோ தடிமனாகப் போட்டு, நனைந்ததை இரண்டு வேளையும் மாற்றுங்கள். தண்ணீர் கழுத்தெட்டும் தூரத்தில் இருக்கட்டும், ஏனென்றால் படுத்த கோழி முதலில் சாவது தாகத்தால்தான். வாயைப் பிளந்து ஊற்றாதீர்கள். நாக்கின் அடியிலேயே மூச்சுக்குழல் வாய் திறந்திருக்கிறது. அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விட்டால் தானே குடிக்கும். பின்பக்க இறகில் எச்சம் ஒட்டவிடாமல் கழுவித் துடையுங்கள், வெயில் காலத்தில் ஒரே நாளில் ஈ முட்டையிட்டுப் புழு வைத்துவிடும். இரண்டு காலும் வராத கோழியை, கால் நுழைய ஓட்டை போட்ட துணித் தூளியில், விரல் தரையைத் தொடும்படி பகலில் சிறிது நேரம் நிற்க வையுங்கள். மார்பெலும்பில் புண் வராது, காலும் பழகும்.

வெறும் சுளுக்கு என்றால் இரண்டு மூன்று நாளில் முன்னேற்றம் தெரியும். தெரியாவிட்டாலோ, மறு காலும் விழுந்தாலோ, இன்னொரு கோழியும் நொண்டினாலோ கால்நடை மருந்தகத்துக்குப் போய்விடுங்கள். ஒரே நாளில் பல கோழிகள் செத்தால் எதையும் தூக்கி எறியாமல் முதலில் தகவல் சொல்லுங்கள். பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம். மருந்து கொடுத்த கோழியின் முட்டையை எத்தனை நாள் உண்ணக் கூடாது என்று கேட்காமல் திரும்பாதீர்கள். வாரக்கணக்கில் பார்த்தும் எழாமல், தின்னாமல், எடை கரைந்துகொண்டே போகும் கோழியை வலியில் வைத்திருப்பது பரிவு ஆகாது. அதை வலியின்றி முடித்துவைக்கச் சொல்வதற்குத் தயங்க வேண்டாம்.

மருந்தகத்துக்குப் போகும்போது கோழியை மட்டும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். அது தின்னும் தீவனத்தில் ஒரு கை, அன்று காலை இட்ட எச்சம் ஒரு காகிதத்தில், அதன் வயது, கடைசியாக முட்டையிட்ட நாள், போட்ட தடுப்பூசிகள் எல்லாவற்றையும் கொண்டு போங்கள். வீட்டிலேயே அது நடக்கும் விதத்தைக் கைபேசியில் படம் பிடித்து வையுங்கள். அந்நிய இடத்தில் மேசை மேல் வைத்த கோழி நடந்து காட்டாது.